ஆட்டிசம் உடையோரும் தொலைவில் வாழும் உறவினரும்

பிழைப்பின் பொருட்டு உறவினர் பல மாநிலங்களிலும் அயல்நாடுகளிலும் பிரிந்து வாழும் இந்நாளில், உறவு என்பது பெரும்பாலும் கைப்பேசியின் வழியே நடைபெறுகிறது. 2016ஆம் ஆண்டுக்குப் பின் இணையக் கட்டணம் பெருமளவு குறைந்தமையால், காணொலி அழைப்பு எளிய குடும்பங்களுக்கும் எட்டியுள்ளது. எனினும் இவ்வசதி அனைவருக்கும் ஒரே அளவில் பயன்படவில்லை. ஆட்டிசம் உடைய ஒருவர் உள்ள இல்லத்தில், ஞாயிறுதோறும் வரும் அழைப்பு அவருக்கு ஒரு சோதனையாகவே அமைந்துவிடுகிறது. "மாமாவைப் பார், வணக்கம் சொல்" என்று பெற்றோர் தூண்ட, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இரண்டு நிமிடங்களில் அழைப்பு முடிகிறது. நாளடைவில் உறவினர் அவரைப் பற்றி விசாரிப்பார்களேயன்றி, அவரிடம் பேச முயல்வதில்லை.

இதனைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதற்கு முதன்முதலில் இடமளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்ததோடு, 'தகவல் தொடர்பு' என்ற சொல்லுக்கும் விரிவான பொருள் கூறியது. எழுத்து, ஒலி, காணொலி, சைகை, எளிய மொழி, பேச்சுக்கு மாற்றான முறைகள் ஆகிய யாவும் அதில் அடங்கும். வாய்ப்பேச்சு மட்டுமே பேச்சு என்று நாட்டின் சட்டம் கருதவில்லை. நம் வீடுகள்தாம் அவ்வாறு கருதுகின்றன.

இடர்ப்பாடு எங்கே?

காணொலி அழைப்பில் ஒரே நேரத்தில் பல செயல்கள் நிகழ்கின்றன. சிறு திரையில் அசையும் முகம், சற்றே பிந்திவரும் குரல், பின்னணியில் தொலைக்காட்சி, இடையில் புகுந்து பேசும் மற்றொருவர் ஆகிய அனைத்தையும் நம் மூளை நம்மை அறியாமலே பிரித்தறிந்துகொள்கிறது. ஆட்டிசம் உடையோர் பலருக்கு இப்பணி மிகுந்த உழைப்பைக் கோருகிறது. கேள்வியை உள்வாங்கி விடை திரட்டச் சில நொடிகள் கூடுதலாக வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தால்தான் சொற்களைக் கவனிக்க இயலும் என்று அவர்களுள் பலர் தாமே கூறியுள்ளனர். ஆகவே, "கேமராவைப் பார்" என்னும் கட்டளை உரையாடலுக்கு உதவுவதற்கு மாறாக அதனைக் கெடுக்கிறது.

குறை ஒருவரிடம் மட்டும் இல்லை என்பதும் அறியத்தக்கது. ஆட்டிசம் உடைய ஆய்வாளரான டேமியன் மில்டன், புரிதலின்மை இருதரப்புக்கும் பொதுவானது என்று 2012இல் வாதிட்டார். ஒரு செய்தியை ஒருவரிடமிருந்து அடுத்தவர் கேட்டுச் சொல்லும் சோதனை ஒன்றின் முடிவு 2020இல் வெளியாயிற்று. ஆட்டிசம் உடையோர் தமக்குள் செய்தியை ஏனையோருக்கு ஈடாகவே கடத்தினர். இருசாராரும் கலந்த வரிசையில்தான் செய்தி வேகமாகத் தேய்ந்தது.

எண்களில் ஓர் உறவு

டில்லியில் பணியாற்றும் என் நண்பர் ஒருவரின் மகனுக்கு இருபது வயது. பேச்சு மிகக் குறைவு. நகரங்களின் வெப்பநிலையில் அளவற்ற ஈடுபாடு. அவருடைய பாட்டி நாகபுரியில் வசிக்கிறார். காணொலி அழைப்புகள் தோற்றபின், பாட்டி நாள்தோறும் செய்தித்தாளின் வானிலைப் பகுதியைப் படமெடுத்து அனுப்பலானார். பேரன் டில்லியின் எண்ணை மட்டும் பதிலாக எழுதுவார். கோடையில் நாகபுரி வெல்லும்; சனவரியில் குளிருக்கு டில்லி வெல்லும். சில மாதங்கள் இவ்வாறே சென்றன. கண் அறுவை சிகிச்சைக்காகப் பாட்டி மருத்துவமனை சென்றிருந்த நாளில் படம் வரவில்லை. அன்று மாலை பேரன் தாமாகவே ஒரு சொல் அனுப்பினார்: "ஆஜி?" பாட்டியை அழைக்கும் மராத்திச் சொல் அது. பொருளியல் பயின்ற எனக்கு எண்கள் பழக்கமானவை. எனினும் அவை இத்தனை பாரம் தாங்கக்கூடும் என்று நான் எண்ணியதில்லை.

எழுத்தும் படமும் எளிதாவதன் காரணம் தெளிவு. அவை திரையில் நிலைத்து நிற்கின்றன. விடையளிக்கக் கால எல்லை இல்லை. அழைத்தே ஆகவேண்டுமாயின், நேரத்தையும் அழைப்பவரின் படத்தையும் முன்கூட்டியே அனுப்புவது நன்று. ஒருவர் மட்டும் பேசுவதும், ஒரு கேள்வி கேட்டுப் பத்து நொடியாவது பொறுப்பதும், சேர்ந்து ஒரு செயலைச் செய்வதும் பயன் தரும்.

பேச இயலாதோருக்குப் படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் செயலிகள் உள்ளன. 2010ஆம் ஆண்டளவில் சென்னையில் உருவான 'ஆவாஸ்' அத்தகையது. இந்திய மொழிகள் சிலவற்றிலும் இயங்குகிறது. இவற்றைப் பழகினால் இருக்கின்ற பேச்சும் நின்றுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வுகள் இவ்வச்சத்தை உறுதிசெய்யவில்லை. பேச்சு சிறிது கூடுவதாகவே பல கூறுகின்றன. உறவினரின் படங்களோடு, 'போதும்', 'வேண்டாம்', 'பிறகு' ஆகிய சொற்களையும் செயலியில் சேர்த்தல் இன்றியமையாதது. மறுக்க வழியில்லாதவரின் சம்மதத்துக்குப் பொருளில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கையைப் பிடித்து எழுத்துகளைச் சுட்டச் செய்யும் முறை 1990களில் பரவியது. கட்டுப்பாடான சோதனைகளில், வெளிப்பட்ட சொற்கள் உதவியாளருடையவை என்று தெரியவந்தமையால், அமெரிக்க உளவியல் கழகம் 1994இல் அதனை நிராகரித்தது. அன்பின் மிகுதியால் நாமே எழுதி அவர் பெயரில் அனுப்பும் "நலம், அத்தை" என்ற செய்தியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

காப்பாளர் பொறுப்பு

பெற்றோருக்குப்பின் யார் என்ற வினா இங்கு எழுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ், பெற்றோரோ உறவினரோ காப்பாளர் நியமனம் கோரி உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அதில் இடம்பெறுகிறார். விண்ணப்பதாரரின் வருவாய், உறவுமுறை ஆகியன விசாரிக்கப்படுவது இயல்பு. அவருக்கும் காக்கப்படவேண்டியவருக்கும் இடையே உரையாடும் வழி ஏதேனும் உண்டா என்பதையும் குழுவினர் கேட்பது பொருத்தமாகும். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளியன்று திரையில் கையசைத்த சிற்றப்பாவுக்கு, பல்வலியை அவர் எவ்வாறு தெரிவிப்பார் என்பது தெரியாது.

பெற்றோர் இன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதி உறவினருக்கு அனுப்பலாம்: அவர் பயன்படுத்தும் சொற்கள், ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கூறினால் அதன் பொருள், வலியையும் அச்சத்தையும் காட்டும் விதம், விரும்பும் பேச்சுப்பொருள், பிடிக்காத ஒலிகள். எழுதுமுன் அவரிடமும் காட்டி, எவற்றைப் பிறர் அறியலாம் என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.