காலைப் பலகாரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து

புதுச்சேரியில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு தந்த கணக்கு இது: கோவா 26.4 விழுக்காடு, புதுச்சேரி 26.3, நாட்டின் சராசரி 11.4. சுண்ணாம்பாற்றங்கரை நோணாங்குப்பத்திலும் சுகர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை பார்த்துவிட்டு, நார்மல் என்று நிம்மதியடைபவர்கள் பலர். ராத்திரி முழுக்கக் கல்லீரல் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை விட்டது என்பதைத்தான் அந்த எண் பெரும்பாலும் காட்டும். காலையில் தின்ற பொங்கல் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. அதை அறிய, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் இருந்தால் நல்லது. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இட்லியில் எண்ணெய் இல்லை என்பதால் சர்க்கரையும் ஏறாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இட்லியில் பெரும்பங்கு அரிசி. நாலு இட்லியைச் சட்னி தொட்டுச் சாப்பிடுவதும், இரண்டு இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிடுவதும் ஒன்றல்ல. காய், சுண்டல், முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்குப் போனால் ஏற்றம் இன்னும் குறையும். கேழ்வரகுக்கு மாறிவிட்டேன் என்பவர்களும் கவனிக்க வேண்டும்: நைசாக அரைத்த மாவைக் கூழாக்கிச் சொம்பு நிறையக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடித்த பிரெஞ்சு ரொட்டி மைதாதான். எதையும் அடியோடு விடச் சொல்லவில்லை. உங்கள் உடம்புக்கு எது எவ்வளவு ஆகும் என்பதை அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் காட்டிவிடும்.

குத்துமுன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரையும் தெரியும். நுனியைவிட விரலின் பக்கவாட்டில் வலி குறைவு. கடலோர ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். ஒன்றை எடுத்ததும் டப்பாவை மூடிவிடுங்கள். குளுக்கோமீட்டருக்கும் ஆய்வகத்துக்கும் 15 விழுக்காடு வரை வித்தியாசம் வரலாம்; அதற்காகப் பதற வேண்டாம்.

சர்க்கரை குறைய வேண்டும் என்று பலகாரத்தையே விடுவது, இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஆபத்து. 70க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

தேதி, சாப்பிட்டது, முன் எண், பின் எண் நான்கையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 30 வயது தாண்டியும் இதுவரை சர்க்கரை பார்க்காதவர்கள் இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள்.