பெயோட்டி, மாயக் காட்சி, குடிமீட்சி: பெரம்பலூர் – அரியலூரிலிருந்து ஒரு பார்வை

பெயோட்டி என்பது வடக்கு மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தெற்கு டெக்சாசிலும் வளரும் முள்ளில்லாத சிறு கள்ளி. பச்சைப் பொத்தான் போலத் தரையோடு தரையாக இருக்கும். முதிர்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இதிலுள்ள மெஸ்கலின் என்னும் வேதிப்பொருளை 1897இல் ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் ஹெஃப்டர் பிரித்தெடுத்தார். இதை உண்டவருக்கு ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் வரை இல்லாத நிறங்களும் உருவங்களும் தோன்றும். நேரம் ஓடும் வேகமும் 'நான்' என்னும் உணர்வும் மாறிவிடும். இப்படிப்பட்டவற்றை மாயத்தோற்றப் பொருட்கள் என்கிறோம். எல்.எஸ்.டி.யும், சிலவகைக் காளான்களில் உள்ள சைலோசைபினும் இவ்வகையே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கள்ளி விளைவதில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் முந்திரியும் விளையும் மண் இது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள மண். பெயோட்டி என்ற பெயரைக்கூட இங்கே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கள்ளியின் வரலாறு எழுப்பும் கேள்வி நம் தெருக்களிலும் உண்டு. குடியில் மூழ்கிய ஒருவரை ஒரு பெரிய அனுபவமோ, ஒரு மருந்தோ, ஒரு சத்தியமோ ஒரே அடியில் மீட்டுவிடுமா? குடிப்பவர் இருக்கும் வீடுகளில் எல்லாரும் இதைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

கள்ளியும் வழிபாடும்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே மெக்சிகோவின் பழங்குடிகள் பெயோட்டியைப் புனிதப் பொருளாகக் கொண்டிருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே இது பரவியது. நிலம் பறிபோய், குடியிருப்புகளுக்குள் அடைக்கப்பட்டு, சாராயம் குடும்பங்களைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1918இல் ஓக்லகோமா மாநிலத்தில் அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபை என்னும் அமைப்பு பதிவு செய்யப்பட்டது. இவர்கள் பெயோட்டியை வழிபாட்டில் உண்ண அமெரிக்கச் சட்டம் 1994 முதல் நாடு முழுவதும் இடமளிக்கிறது.

வழிபாடு பொதுவாகச் சனிக்கிழமை இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். கூடாரத்தின் நடுவே நெருப்பு. சுற்றி உறவினரும் ஊராரும். வழிநடத்த ஒரு பெரியவர் இருப்பார். பறை ஒலிக்க, ஒவ்வொருவரும் முறை வைத்துப் பாடுவர். கசப்பான அந்தக் கள்ளியை உண்டு பலர் வாந்தி எடுப்பதும் உண்டு. விடியலில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவருவார். பிறகு எல்லாரும் சேர்ந்து உண்பர்.

இவர்கள் 'பெயோட்டி வழி' என்று சொல்வது கள்ளியை உண்பதை மட்டுமன்று. மதுவைத் தொடாதிருத்தல், குடும்பத்தைக் காத்தல், உழைத்து உண்ணுதல், உடன் வாழ்வோரைச் சகோதரராக நடத்துதல் ஆகிய கடமைகளும் அதில் அடக்கம். இந்த வழியில் சேர்ந்து குடியை விட்டவர்கள் பலர் உண்டு. அவர்களை மீட்டது கள்ளியா, கூடாரத்தில் உடன் அமர்ந்திருந்தவர்களா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

அச்சுறுத்தப் போய் அமைதி கண்ட ஆய்வு

1950களில் கனடாவின் சஸ்காச்சவன் மாநிலத்தில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ஏப்ரம் ஹாஃபர் என்னும் இரு மனநல மருத்துவர்கள் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தனர். அவர்களின் தொடக்க எண்ணம் விந்தையானது. முற்றிய குடிநோயாளிகள் சிலர் குடி நின்றதும் சன்னி கண்டு, பயங்கரக் காட்சிகளைப் பார்த்து நடுங்கி, அந்த அச்சத்திலேயே குடியை விட்டிருந்தனர். அதே அச்சத்தை மருந்தால் வரவழைத்தால் என்ன என்று இவர்கள் கருதினர். ஆனால் மருந்து உண்டவர்களில் பலர் அச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்த்ததாகவும் மனம் தெளிந்ததாகவும் கூறினர். ஆஸ்மண்ட் 1956இல் பூர்வகுடிகளின் பெயோட்டி வழிபாட்டிலும் நேரில் அமர்ந்து பார்த்தார்.

அக்கால ஆய்வுகளில் முறையாக நடந்த ஆறினை நோர்வே ஆய்வாளர்கள் இருவர் தொகுத்து 2012இல் வெளியிட்டனர். மொத்தம் 536 பேர். எல்.எஸ்.டி. ஒருமுறை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 38 விழுக்காட்டினரும் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் கண்டிருந்தனர். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. காட்சி கொடுத்த வேகம் நாள்பட நாள்பட வடிந்துவிடுகிறது.

2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போகன்ஷுட்ஸ் குழுவினர் 93 பேரிடம் சைலோசைபினைச் சோதித்த முடிவை வெளியிட்டனர். 32 வாரங்களில் மிகுதியாகக் குடித்த நாட்கள் சைலோசைபின் பெற்றவர்களுக்கு 9.7 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக வேறு மாத்திரை பெற்றவர்களுக்கு 23.6 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் அனைவருக்கும் 12 வாரங்கள் உளவியல் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. மருத்துவர் பக்கத்தில் இருக்க, இதயமும் மனநலமும் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டு நடந்த ஆய்வு அது. அதைப் படித்துவிட்டுக் கொடைக்கானலில் 'மேஜிக் மஷ்ரூம்' தேடிப் போவது மருத்துவம் ஆகாது. எல்.எஸ்.டி., மெஸ்கலின், சைலோசைபின் மூன்றும் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இவற்றை வைத்திருப்பதே குற்றம்.

வெள்ளொளியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே குடிமுறிவுக்குப் பெல்லடோனா என்னும் செடியிலிருந்து எடுத்த மருந்து கொடுக்கப்பட்டது. அது நம் ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாயக் காட்சியை உண்டாக்கக்கூடியது. அச்சிகிச்சையின்போது அறை முழுவதும் வெள்ளொளி நிறைந்ததாக உணர்ந்த அவர், அதன்பின் வாழ்நாள் முழுவதும் குடிக்கவில்லை.

கதை இத்துடன் நின்றால் அந்த ஒளியே அவரை மீட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து மாதம் கழித்து, 1935 மே மாதத்தில், தொழில் விஷயமாக அக்ரன் நகரத்துக்குப் போனவர், காரியம் தோற்று ஒரு விடுதியில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. குடிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அப்போது அவர் தேவாலயங்களுக்கு வரிசையாகத் தொலைபேசியில் பேசி, தன்னைப் போல் குடியால் துன்பப்படும் ஒருவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். இருவரும் பேசிய பேச்சிலிருந்துதான் அந்த இயக்கம் பிறந்தது. வில்சன் 1956இல் எல்.எஸ்.டி.யையும் உட்கொண்டு பார்த்து, அது சிலருக்கு உதவலாம் என நம்பினார். இயக்கம் அந்த வழியில் செல்லவில்லை. 'இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்' என்பதும், குழுவாக அமர்ந்து பேசுவதுமே அதன் வழியாக இருந்தன.

குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

மாயக் காட்சி நமக்கு அந்நியமான செய்தி என்று எண்ண வேண்டாம். கள்ளியும் காளானும் இல்லாமலே அது நம் வீடுகளுக்கு வருகிறது.

பல ஆண்டுகள் தினமும் குடித்து வந்தவர் திடீரென நிறுத்துகிறார். கால் முறிந்து மருத்துவமனையில் படுத்ததாலோ, காய்ச்சலாலோ, சத்தியம் செய்ததாலோ இருக்கலாம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடியபோது தமிழ்நாடு முழுவதும் இது ஒரே நேரத்தில் நடந்தது. முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார்; சுவரில் ஆள் நிற்கிறார் என்பார்; எவரோ வெட்ட வருவதாக ஓடுவார். மருத்துவம் இதை டெலிரியம் டிரெமென்ஸ் என்கிறது. தமிழில் நடுக்கச் சன்னி எனலாம்.

காரணம் எளிது. மது மூளையின் வேகத்தை அமுக்குகிறது. நாள்தோறும் அமுக்கப்படும் மூளை, அதை ஈடுகட்ட எந்நேரமும் முறுக்கேறி நிற்கப் பழகிவிடுகிறது. மேட்டில் பார வண்டி இழுக்கும் மாட்டின் நுகத்தடி திடீரென அறுந்தால் மாடு எப்படித் தலைகுப்புற ஓடுமோ, அப்படித்தான் மது நின்றதும் மூளை கட்டுமீறி ஓடுகிறது.

இந்த நேரத்தில் நம் பக்கம் பலருக்கு முதலில் தோன்றுவது 'காத்து கருப்பு அடித்துவிட்டது' என்பதுதான். கோடங்கியைக் கூப்பிடுவதும் வேப்பிலை அடிப்பதும் கயிறு மந்திரிப்பதுமாக ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள்தான் உயிரைக் காக்கும் நாள். நடுக்கச் சன்னி உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவமனையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடியது. மூளையின் முறுக்கைத் தணிக்கும் மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும், உடல்நீர் குறையாமல் பார்ப்பதும் இதற்கான சிகிச்சை. கயிறு கட்டுவதாயினும் மருத்துவமனைக்குப் போகும் வழியில் கட்டிக்கொள்ளலாம். காலையில் கண் விழித்ததும் 'கட்டிங்' போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவர், மருத்துவரைப் பார்க்காமல் தானாகவே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

ஊமத்தையும் தெரியாமல் கலக்கும் மாத்திரையும்

தரிசிலும் சாலையோரத்திலும் வளரும் ஊமத்தை, சிவனுக்குச் சூட்டும் மலர். அதன் விதையிலும் இலையிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய நஞ்சுகள் உள்ளன. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடல் கொதித்து, இதயம் படபடத்துப் பிதற்றல் வரும். பெயோட்டி தருவதாகச் சொல்லும் தெளிவு இதில் கிடையாது. நினைவே தப்பிவிடும், இறப்பும் நேரலாம். போதை ஏறுவதற்காகச் சாராயத்தில் இதைச் சேர்ப்பதும், குடியை நிறுத்த இதை நாட்டு மருந்தென்று கொடுப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை.

குடும்பத்தினர் செய்யும் இன்னொரு செயல், 'குடியை மறக்க வைக்கும் மருந்து' என்று விற்கப்படுவதைச் சோற்றிலும் குழம்பிலும் தெரியாமல் கலப்பது. டைசல்ஃபிராம் என்னும் மருந்தின் இப்பயன் 1940களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கலக்கப்பட்டவருக்கு அது நஞ்சு போல் ஆகலாம். உயிர் பிழைத்தாலும், உண்மை தெரியவரும் நாளில் அந்த வீட்டுச் சோற்றின்மீதே நம்பிக்கை போய்விடும். அந்த நம்பிக்கை இல்லாமல் எந்த மீட்சியும் நடக்காது.

மாலை கழற்றிய மறுநாள்

நம் ஊரிலும் குடியை நிறுத்தும் சடங்குகள் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா என்று அவரவர் நம்பும் சந்நிதியில் சத்தியம் செய்கிறார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. ஆண்டு முழுவதும் குடித்தவர் அந்த நாட்களில் மட்டும் எப்படி நிறுத்துகிறார்?

விடியலில் எழுந்து குளிக்கிறார். உடை வேறு. ஊரே அவரைச் 'சாமி' என்று அழைக்கிறது. மாலையில் பஜனைக்குப் போக ஆள் இருக்கிறது. குடிக்கக் கூப்பிடும் நண்பர்கூட அந்த நாட்களில் கூப்பிடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் இவையெல்லாம் ஒரே நாளில் நீங்கிவிடுகின்றன. மறுநாள் அவர் மீண்டும் கடை வாசலில் நின்றால், அவருடைய பக்தி பொய் என்று சிரிக்கிறோம். பக்தி பொய்யில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரைத் தாங்கி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கலைந்துபோனார்கள், அவ்வளவுதான். பெயோட்டி வழிபாட்டில் இருப்போர் அடுத்த வாரமும் அதே மனிதர்களைச் சந்திக்கிறார்கள். வில்சன் அடுத்த நாளும் இன்னொரு குடிநோயாளியோடு பேசினார். நம் விரதத்துக்கு மட்டும் முடிவுத் தேதி உண்டு.

செய்யக் கூடியவை

குடிநோய் ஒரு நோய் என்பதை முதலில் ஏற்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற, குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் ஆலோசனை கேட்கலாம். 104 எண்ணிலும் கேட்கலாம். சன்னியோ வலிப்போ கண்டால் 108. தமிழில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு.

மீண்டும் ஒருமுறை வழுக்கி விழுந்தால், அதுவரை குடிக்காமல் இருந்த நாட்கள் வீண் என்று பொருளில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மருந்தை விட்டுவிடுகிறோமா? மருத்துவரிடம் மறுபடி போகிறோம். இதுவும் அப்படியே. அந்த மறுநாளில் வீட்டு வாசலில் வந்து நின்று, 'வா, டீ குடிக்கப் போகலாம்' என்று கூப்பிட ஒரு மச்சானோ சித்தப்பாவோ கூட்டாளியோ இருப்பது, எந்தக் கள்ளியும் காட்டாத வழியைக் காட்டும்.