நின்றுபோன யந்திரமும் சுதேசி அபிமானமும்

பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் செல்லும் சாலையில், சூலூரை அணுகும்போது தலைக்கு மேல் எழும் பேரிரைச்சலைத் திருப்பூர் அன்பர்கள் கேட்டிருப்பார்கள். தேஜஸ் என்னும் இலகு ரகப் போர் விமானங்கள் 2018-இல் சூலூர் வந்து சேர்ந்தன. நம் நாட்டில் செய்த விமானம் என்று அண்ணாந்து பார்த்துப் பூரிப்பது நியாயமே. ஆயினும், இதே ஆகாயப் படையில் முன்பு பறந்த மற்றொரு சுதேசி விமானத்தின் சரித்திரத்தை நாம் மறந்துவிடலாகாது.

பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செய்த ஹெச்.பி.டி.-32 'தீபக்' என்பதே அது. 1977-இல் முதன்முதலாகப் பறந்தது. புதிதாகச் சேர்ந்த வாலிபர்கள் அதிலேதான் விமானமோட்டக் கற்றார்கள். உடல் நம்முடையது, யந்திரம் அமெரிக்காவின் லைக்கமிங். அந்த யந்திரம் நடுவானில் திடீரென்று நின்றுபோவதுதான் தீபக்கைப் பிடித்த பெருநோய். நின்றபின் நெடுந்தூரம் மிதந்து செல்லும் தன்மையும் அதற்கில்லை. விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் ஆசனமும் கிடையாது.

யந்திரம் எங்கே நின்றாலும் அபாயமே. தரையை விட்டெழுந்த சில விநாடிகளில் நிற்பதோ அபாயத்திலெல்லாம் பெரிது. அப்போது வேகமும் குறைவு, உயரமும் சில நூறு அடிதான். புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாமென்று மனம் தூண்டும். திரும்பினால் இருக்கும் உயரமும் கரைந்து, இறக்கைகள் தாங்குசக்தியை இழந்து, விமானம் தலைகுப்புற விழும். மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே கிடைத்த நிலத்தில் இறங்குவதே விமானிகளுக்குக் கற்பிக்கும் விதி. எதிரே கிடைப்பது தரிசா, ஆலைக் கூரையா என்பது அவன் அதிர்ஷ்டம்! அனுபவசாலிக்கே கடினமான இந்தத் தீர்மானத்தைப் பயிலவந்த பிள்ளையிடம் எதிர்பார்ப்பது எவ்விதத்தில் தர்மம்?

பனியன் பின்னும் யந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் துணி நெடுகக் கோடு விழும். தொழிலாளி உடனே யந்திரத்தை நிறுத்திவிடுவான். சுதேசி யந்திரமென்று தாட்சண்யம் பார்ப்பதில்லை. தீபக் விஷயத்தில் நடந்ததென்ன? பத்தொன்பது விமானிகள் மாண்டார்கள். 2009 ஜூலையில் இரண்டு விமானிகள் இறந்த பின்னரே அது அடியோடு நிறுத்தப்பட்டது. 2012-இல் 75 ஸ்விஸ் பிளாட்டஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். குறையை மூடி வைத்ததால் காப்பாற்றப்பட்டது சுதேசியமா? அந்நியச் சரக்குக்கன்றோ வழி திறந்துவிட்டோம்!

ஹெச்.டி.டி.-40 என்ற புதிய பயிற்சி விமானம் 2016-இல் பறந்தது. 2023-இல் எழுபதுக்கு உத்தரவாயிற்று. அதன் யந்திரமும், தேஜஸின் யந்திரமும் அமெரிக்காவினுடையவையே. சொந்த யந்திரத்துக்கென்று 1989-இல் தொடங்கிய காவேரித் திட்டம் தேஜஸை இன்னும் எட்டவில்லை. எட்டும் வரை காத்திராமல் சர்க்கார் ஒரு காரியம் செய்யலாம். படை ரகசியம் நீங்கலாக, ஒவ்வொரு யந்திரக் கோளாறின் விசாரணை முடிவையும் பார்லிமெண்டின் முன் வைக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அதையாவது கேட்க உரிமையுள்ளவர்கள்.