உங்களுக்குத் தெரியுமா? ஜாம்பவான்கள் சொன்னார்கள்... தலைகீழாக நடந்தது!

ஆபீஸ் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஓடுவது ஈதர்நெட். 1973-ல் அதற்கு வழி கண்டவர் பாப் மெட்கால்ஃப். இன்டர்நெட்டைப் பற்றி இவருக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது? அப்பேர்ப்பட்டவர் 1995 டிசம்பரில் பத்திரிகையில் எழுதினார்: 1996-ல் இன்டர்நெட் மொத்தமாகப் படுத்துவிடும்!

படுக்கவில்லை. நடக்காவிட்டால் எழுதியதைத் தின்றுவிடுகிறேன் என்று வேறு சவால் விட்டிருந்தார். 1997-ல் ஒரு மாநாட்டு மேடை. ஆயிரம் கண்கள் அவர் மேல். முதலில் தன் கட்டுரையைப் போலவே செய்த ஒரு பெரிய கேக்கைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார். கூட்டம் விடுமா? ஒரே கூச்சல்! கடைசியில் அச்சடித்த தாளையே கிழித்து, தண்ணீர் விட்டு, மிக்ஸியில் அரைத்து, அந்தக் கூழைச் சாப்பிட்டார்! தின்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. தின்றே காட்டியவர் இவர்!

இருங்கள், இவரை இன்னும் முடிக்கவில்லை. 1993-ல் ஒயர் இல்லாத நெட்வொர்க்கைப் பற்றியும் எழுதினார். அது குழாய் இணைப்பில்லாத நடமாடும் கழிப்பறை மாதிரியாம்! கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வேண்டுமானால் சரிப்படுமாம். வீட்டுக்கு ஒயர்தானாம். இன்றைக்கு வைஃபை இல்லாத வீட்டுக்கு விருந்தாளியே வருவதில்லை!

இதற்கெல்லாம் அவருக்கு என்ன தண்டனை? 2022-ம் ஆண்டுக்கான டியூரிங் விருது! கம்ப்யூட்டர் உலகத்தின் நோபல். பரிசுத் தொகை 10 லட்சம் டாலர்!

அவர் மாணவராக இருந்தபோது நடந்தது இன்னும் ஜோர். 1972, வாஷிங்டன். அமெரிக்காவின் ராட்சத டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. அதிகாரிகளுக்கு, இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் மெட்கால்ஃப். நடுவில் நெட்வொர்க் பொசுக்கென்று நின்றுவிட்டது. தலை நிமிர்ந்து பார்த்தால், கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அதே கம்பெனிதான் 1960-களில் பால் பாரனைத் திருப்பி அனுப்பியது. செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் ஒட்டலாம் என்றார் அவர். நடக்காத காரியம் என்றார்கள். நீங்கள் இன்று அனுப்பிய ஒவ்வொரு வாட்ஸ்அப் படமும் வெட்டுப்பட்டுத்தான் போனது!

1959-ல் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் ஆர்தர் சம்மர்ஃபீல்டு என்ன அறிவித்தார் தெரியுமா? மனிதன் நிலாவுக்குப் போவதற்குள் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஏன், இந்தியாவுக்கும் ஏவுகணையில் தபால் வந்துவிடுமாம்! வெறும் வாய்ச்சவடால் என்று நினைக்காதீர்கள். அந்த ஜூன் மாதமே ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 3,000 கடிதங்களோடு ஏவுகணை விட்டார்கள். 22 நிமிடத்தில் ஃபுளோரிடாவில் இறங்கியது!

நிலாவில் மனிதன் கால் வைத்தது 1969 ஜூலை. ஏவுகணைத் தபால்காரர் யாரும் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 29-ல் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பியது. ‘லாகின்’ என்று அடிக்க வேண்டும். எல் போனது. ஓ போனது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தி வெறும் 2 எழுத்து!

இன்டர்நெட் முகவரிகளுக்கு 32 பிட் போதும் என்று 1970-களில் முடிவு செய்தார் வின்ட் செர்ஃப். அது ஒரு சோதனைதானே என்று நினைத்தாராம். சுமார் 430 கோடி முகவரிகள்! யாருக்கு அவ்வளவு வேண்டும்? 2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பு காலி!

உலகத்துக்கு 5 கம்ப்யூட்டர் போதும் என்று ஐ.பி.எம். தலைவர் வாட்சன் சொன்னாராமே? மேடைக்கு மேடை முழங்குகிறார்களே? சொன்னதற்கு ஆதாரமே கிடையாது! நடந்தது வேறு. ஐ.பி.எம். 701 என்ற மெஷினுக்கு 5 ஆர்டர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கிளம்பினார்கள். 18 ஆர்டரோடு திரும்பினார்கள்! 1953-ல் பங்குதாரர் கூட்டத்தில் இதைச் சொன்னவர் மகன் வாட்சன்!

640 கே மெமரி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக உங்கள் நண்பர் சொன்னால் உடனே மடக்குங்கள். நான் சொல்லவே இல்லை என்கிறார் கேட்ஸ். சொன்னதாக நிரூபித்தவரும் இல்லை!

அவர் நிஜமாகவே சொன்னது ஒன்று உண்டு. 2004 ஜனவரி, டாவோஸ். இன்னும் 2 ஆண்டில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். உங்கள் ஸ்பேம் பெட்டியை இப்போது திறந்து பாருங்கள். எத்தனை?

சில்லில் அடங்கும் பாகங்கள் இரட்டித்துக்கொண்டே போகும் என்ற மூரின் விதி கேள்விப்பட்டிருப்பீர்கள். கோர்டன் மூர் அதை எழுதியது 1965 ஏப்ரலில், ‘எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற பத்திரிகையில். 1975-ல் ஒரே சில்லில் 65,000 பாகங்கள் இருக்கும் என்றார். என்விடியாவின் பிளாக்வெல் சில்லில் இன்று 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள்!

அதே கட்டுரையில், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரும் என்றும் மனிதர் போகிற போக்கில் எழுதிவிட்டார். பிறகு இன்டெல் தொடங்கினார். ஒரு நாள் இன்ஜினியர் ஒருவர் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டர் செய்வோமா சார் என்று கேட்டார். எதற்கு என்றார் மூர். இல்லத்தரசிகள் சமையல் குறிப்பு எழுதி வைக்கலாம் என்றார் இன்ஜினியர். மூர் வேண்டாம் என்றுவிட்டார். தான் சொன்ன ஜோசியத்தைத் தானே நம்பாதவர்!

அந்தப் பத்திரிகையின் பழைய பிரதி ஒன்றுக்கு 2005-ல் இன்டெல் கொடுத்த விலை 10,000 டாலர். கிடைத்த இடம்? இங்கிலாந்தில் ஓர் இன்ஜினியர் வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில்! பழைய பேப்பரை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்!

சமையல் குறிப்புக் கம்ப்யூட்டர் நிஜமாகவே விற்பனைக்கு வந்தது, தெரியுமா? 1969. ஹனிவெல் கம்பெனியின் கிச்சன் கம்ப்யூட்டர். காய் நறுக்கப் பலகையும் சேர்த்தே. அதை இயக்கக் கற்றுக்கொள்ள 2 வாரப் பயிற்சி. விலை 10,600 டாலர். ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை!

லேப்டாப்புக்குக் காலம் முடிந்தது. ரயிலிலும் கடற்கரையிலும் யார் அதைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? இப்படி எழுதியது நியூயார்க் டைம்ஸ். ஆண்டு 1985!

செல்போனுக்கு வருவோம். 1973 ஏப்ரல் 3-ல் கையடக்க செல்போனில் உலகத்தின் முதல் அழைப்பைப் பேசியவர் மார்ட்டின் கூப்பர். 1981-ல் அவரே சொன்னார், செல்போன் ஒருபோதும் ஒயர் போனின் இடத்தைப் பிடிக்காது, அவ்வளவு மலிவாக ஆகவே ஆகாது என்று. பெற்ற தகப்பனே இப்படிச் சொன்னால்!

அதே சமயம் மெக்கின்சி நிறுவனம் கணக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்காவில் 9 லட்சம் பேரிடம் செல்போன் இருக்கும் என்றது. 2000-ம் வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். 10 கோடிக்கு மேல்!

ஐபோனா? 500 டாலரா? கீபோர்டு கூடக் கிடையாதா? மார்க்கெட்டில் ஒன்றும் தேறாது என்று 2007-ல் சிரித்தார் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். 2016-ல் ஆப்பிள் 100 கோடியாவது ஐபோனை விற்றது!

2001-ல் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புற்றுநோய் என்று திட்டியவரும் இதே பால்மர்தான். இன்று விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்டே வழி செய்து தருகிறது!

லினக்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1991-ல் 21 வயது ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன், பெரிதாக எல்லாம் வராது என்று அறிவித்தார். அடுத்த ஜனவரியிலேயே பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் தீர்ப்பு எழுதிவிட்டார். லினக்ஸ் காலாவதி! நீ என் மாணவனாக இருந்திருந்தால் இதற்கு நல்ல மார்க் போட்டிருக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

2017 நவம்பர் முதல் உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் லினக்ஸில் ஓடுபவை எத்தனை? 500!

பேராசிரியர் தோற்றார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேளுங்கள். அவர் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்ற சிஸ்டத்தை இன்டெல் சத்தமில்லாமல் எடுத்துத் தன் சில்லுகளுக்குள் ஒளித்து வைத்திருந்தது. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள்! பேராசிரியருக்கே 2017-ல் செய்தி படித்துத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்டெலுக்குக் கடிதம் எழுதினார். நியாயம்தானே!

1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ, வேர்ல்டு வைட் வெப் என்ற யோசனையை எழுதித் தன் மேலதிகாரியிடம் நீட்டினார். தெளிவில்லை, ஆனால் சுவாரசியம் என்று ஓரத்தில் கிறுக்கினார் அவர். 1991-ல் பெர்னர்ஸ்-லீ அதை ஒரு மாநாட்டுக்குக் கட்டுரையாக அனுப்பினார். நிராகரித்தார்கள்! ஒரு மூலையில் செய்து காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள்.

கூகுளுக்கு பிரவுசர் வேண்டவே வேண்டாம் என்று 6 ஆண்டுகள் முட்டுக்கட்டை போட்டவர் யார்? கூகுள் தலைவர் எரிக் ஷ்மிட்! மாதிரியைப் பார்த்ததும் மனம் மாறினார். 2008-ல் குரோம் வந்தது. அந்தக் குழுவை நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. பின்னாளில் ஷ்மிட் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவர்!

75 சென்ட் கணக்கு உதைத்ததை வைத்து 1986-ல் ஜெர்மனி ஹேக்கர் ஒருவரையே பிடித்தவர் கிளிஃபோர்ட் ஸ்டோல். சாதாரண மூளையா? 1995-ல் ஆன்லைன் கடையெல்லாம் சுத்தப் பேத்தல் என்று நியூஸ்வீக்கில் எழுதினார். இப்போது அவர் என்ன செய்கிறார்? இன்டர்நெட்டில் கண்ணாடிக் குடுவை விற்கிறார்! சரக்கு இருப்பது வீட்டுக்கு அடியில். எடுத்துக் கொடுப்பது ஒரு குட்டி ரோபோ!

2005 வாக்கில் பார்த்தால், பொருளாதாரத்துக்கு இன்டர்நெட்டால் வந்த பயன் ஃபேக்ஸ் மெஷினை விட அதிகம் இருக்காது. 1998-ல் சொன்னவர் பால் க்ருக்மன். 2008-ல் பொருளாதார நோபல் பெற்றார்!

ஏ.ஐ. பக்கம் ஜோசியர்கள் இன்னும் அதிகம். பெர்செப்ட்ரான் என்ற ஏ.ஐ. மெஷின் நடக்கும், பேசும், தன்னைத்தானே இன்னொன்று செய்துகொள்ளும் என்று அமெரிக்கக் கடற்படை 1958-ல் எதிர்பார்த்தது. அன்றைக்கு அது செய்து காட்டிய வித்தை? அட்டையில் அடையாளம் இடப்பக்கமா, வலப்பக்கமா என்று கண்டுபிடித்தது. அதுவும் 50 தடவை பழகிய பிறகு!

10 ஆண்டில் கம்ப்யூட்டர் உலக செஸ் சாம்பியன் ஆகும் என்று 1957-ல் சொன்னார் ஹெர்பர்ட் சைமன். ஆனது. உலக சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ என்ற கம்ப்யூட்டர் வென்றது 1997-ல். வெறும் 30 ஆண்டு தாமதம்! சைமன் அப்போதும் இருந்தார், வயது 80!

ஆலன் டியூரிங் மட்டும் ஒன்றில் அசத்திவிட்டார். 2000 வாக்கில் கம்ப்யூட்டருக்கு 100 கோடி பிட் மெமரி இருக்கும் என்று 1950-லேயே எழுதினார். அதாவது சுமார் 120 எம்.பி. 2000-ல் கடையில் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது? 64 அல்லது 128 எம்.பி.!

ரேடியாலஜி சொல்லிக்கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், 5 ஆண்டில் ஏ.ஐ. மிஞ்சிவிடும். 2016-ல் சொன்னவர் ஜெஃப்ரி ஹின்டன், 2024-ன் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்றைக்கும் ரேடியாலஜிஸ்ட் பற்றாக்குறை!

குவான்டம் கம்ப்யூட்டர்? 2019-ல் கூகுள் மார்தட்டியது. சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 ஆண்டு பிடிக்கும் கணக்கை எங்கள் சைக்கமோர் சில்லு 200 விநாடியில் போட்டது என்றது. ஐ.பி.எம். அசரவில்லை. அதை நாங்கள் இரண்டரை நாளில் போடுவோம் என்றது! இருவர் சொன்னதும் ஒரே கணக்கைத்தான்!

2025 ஜனவரியில், உருப்படியான குவான்டம் கம்ப்யூட்டருக்கு இன்னும் 20 ஆண்டு ஆகும் என்று சொன்னார் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங். மறுநாளே சில குவான்டம் கம்பெனிகளின் பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவுட்! மார்ச்சில் குவான்டம் கம்பெனித் தலைவர்களையே மேடைக்கு அழைத்து, நான் சொன்னது ஏன் தப்பு என்று சொல்லுங்கள் என்றார். அந்தக் கம்பெனிகள் பங்குச் சந்தையில் இருப்பதே எனக்குத் தெரியாது என்றும் சிரித்தார்!

கடைசியாக ஒரு பொக்கிஷம். கோபோல் என்றொரு புரோகிராம் மொழி. 1960-ல் அதை உருவாக்கும் கமிட்டியின் ஆமை வேகத்தைப் பார்த்து எரிச்சலான ஹோவர்ட் பிராம்பெர்க், மொழியின் பெயரைச் செதுக்கிய நிஜமான கல்லறைக் கல் ஒன்றை வாங்கி அமெரிக்க ராணுவத் துறை அதிகாரிக்கு அனுப்பி வைத்தார்! இதற்குச் சாவு நிச்சயம் என்று சொல்லாமல் சொன்னார். கல் இப்போது கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மொழி? 2020 ஏப்ரல். கொரோனா. வேலையிழந்தவர்களின் விண்ணப்பம் குவிந்து நியூஜெர்சி அரசின் கம்ப்யூட்டர்கள் திணறின. கோபோல் தெரிந்தவர்கள் யாராவது உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநரே பத்திரிகையாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். கல்லறைக் கல் வெட்டி அப்போது 60 ஆண்டு ஆகியிருந்தது!