ஒரு சென்டிமீட்டரில் 190 பெட்டிகள்

திருப்பூரில் தைத்த பனியனும் டி-ஷர்ட்டும் அட்டைப்பெட்டிகளில் ஏறி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. அங்கிருந்து கப்பல். அட்டைப்பெட்டிகளைச் சுமந்து போவது கன்டெய்னர் என்கிற பெரிய இரும்புப் பெட்டி. முழுக் கன்டெய்னரை எடுத்தால், உள்ளே காலியாகக் கிடக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதனால் இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும்.

20 அடி கன்டெய்னரின் உட்புறம் சுமார் 589 செ.மீ. நீளம், 235 செ.மீ. அகலம், 239 செ.மீ. உயரம். எல்லாப் பக்கமும் 40 செ.மீ. உள்ள பெட்டிகள் அதில் எத்தனை கொள்ளும்? கன அளவை வகுத்தால் 516 என்று விடை வரும்.

ஆனால் ஏற்றிப் பார்த்தால் 350 தான் ஏறும்! அகலத்தில் 5 பெட்டி வைத்ததும் 35 செ.மீ. மிச்சம், ஆறாவது பெட்டி நுழையாது. உயரத்தில் 5 பெட்டிக்கு மேல் 39 செ.மீ. மிச்சம். அடடா, ஒரே ஒரு சென்டிமீட்டர் போதவில்லை! நீளத்தில் 14. ஆக, 14 × 5 × 5 = 350. தண்ணீராக இருந்தால் இண்டு இடுக்கெல்லாம் புகுந்துகொள்ளும். பெட்டி புகாதே!

இப்போது பெட்டியை 39 செ.மீ. ஆக்குவோம். நீளத்தில் 15, அகலத்தில் 6, உயரத்தில் 6. பெருக்கினால் 540! நான் இதை நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குப் பெட்டி துணி கொஞ்சம் குறையும்தான். ஆனால் மொத்தச் சரக்கு 22 கன மீட்டரிலிருந்து 32 கன மீட்டருக்கு ஏறிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அகலத்தில் 6 பெட்டிக்கும் சேர்த்து மிஞ்சுவது 1 செ.மீ. மட்டுமே. துணியைத் திணித்துப் பெட்டியின் வயிறு உப்பிவிட்டால் ஆறாவது பெட்டி வெளியேதான் நிற்கும்.

பெட்டிகள் வெவ்வேறு அளவில் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஒரு பெட்டியை 6 விதமாகத் திருப்பி வைக்கலாம். 10 பெட்டிகளை எந்த வரிசையில் ஏற்றுவது, எப்படித் திருப்புவது என்று எல்லா வழிகளையும் எண்ணினால் 219 லட்சம் கோடியைத் தாண்டும். நூற்றுக்கணக்கான பெட்டிகள் என்றால் கம்ப்யூட்டராலும் அத்தனையையும் சோதித்து முடிக்க முடியாது. பெரிய பெட்டி முதலில், சிறியது பிறகு என்பது போன்ற விதிகளை வைத்து, நல்லதாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

லோடு ஏற்றுகிறவர்களும் உள்கோடியில் தொடங்கி, சுவர் சுவராக அடுக்கிக்கொண்டே கதவுவரை வருவார்கள். கனமானது கீழே, லேசானது மேலே. பெட்டியின் மூலைக்கு நேராக மேல்பெட்டியின் மூலை வர வேண்டும். அட்டைப்பெட்டியின் பலமெல்லாம் மூலைகளில்தான். மூலை விலகினால் அடிப்பெட்டி நசுங்கும்.

இப்போது உங்கள் முறை. 48 செ.மீ. பெட்டி எத்தனை ஏறும்? 47 செ.மீ. பெட்டி எத்தனை? பென்சிலை எடுங்கள்!