விண்மீன் மண்டலங்களின் வடிவமும் வரலாறும்

எட்வின் ஹபிள் 1926இல் விண்மீன் மண்டலங்களை வடிவங்கொண்டு வகுத்தபொழுது, நீள்வட்டங்களை 'முந்தியவை' எனவும் விரிந்த சுருள்களைப் 'பிந்தியவை' எனவும் குறித்தார். அச்சொற்களுக்குக் காலப்பொருள் கொள்வது ஆபத்தென அவரே பின்னர் எச்சரித்தார். எனினும் வகைப்பாட்டை வரலாறாகக் கொண்டோர் பலர்.

1995 டிசெம்பரில் அவர் பெயர்தாங்கிய விண்வெளித் தொலைகாட்டி, வானில் வெறுமையெனத் தோன்றிய சிறு பகுதியொன்றைப் பத்து நாள்கள் நோக்கிற்று. வீண்முயற்சி என்றோரும் இருந்தனர். பதிந்தவையோ ஏறத்தாழ 3,000 மண்டலங்கள்! தொலைவிலுள்ளதன் ஒளி பழைய ஒளியாதலால், நாம் கண்டது கடந்தகாலத்தையே. அங்கு சிறியனவும் உருக்குலைந்தனவும் மலிந்திருந்தன. பெரும் நீள்வட்டங்கள் பல, மண்டலங்கள் மோதி இணைந்ததன் விளைவுகள் என்பதே இன்றைய கொள்கை. 'முந்தியது' பிந்தியதாயிற்று.

2022 முதல் வெப் தொலைகாட்டி செந்நிறக்கீழ்க் கதிர்களில் நோக்க, உருக்குலைந்தவை எனப்பட்ட பலவற்றில் ஒழுங்கான தட்டுவடிவம் புலப்படுகின்றது. முன்னைய படங்களில் இளம் விண்மீன்களின் திட்டுகளே மேலோங்கித் தெரிந்தன. ஆகவே நாம் கண்ட சீர்குலைவின் ஒரு பகுதி பொருளுக்கன்றிக் கருவிக்கே உரியது.