கேமரா படித்தாலும் விரல் பார்க்க வேண்டும்

எனக்குத் தெரிந்த பார்வையற்ற அக்கா ஒருவர், எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலியை மாத்திரை அட்டைக்கு மேலே பிடித்தார். "மெட்ஃபார்மின் 500" என்றது. அட்டையைக் கொஞ்சம் சாய்த்தார். "50" என்றது. "வெறும் மெட்ஃபார்மின் ஐம்பதுல வராது தம்பி, இது காலையில போடுற கூட்டு மாத்திரையா இருக்கும்" என்று ஜன்னல் பக்கம் போய் மறுபடி பிடித்தார். அவர் சொன்னதுதான் சரி. அது வில்டாகிளிப்டின் 50, மெட்ஃபார்மின் 500 இரண்டும் சேர்ந்த மாத்திரை. இரவுக்கு வெறும் மெட்ஃபார்மின். இரண்டு அட்டையிலும் அதே பெயர், அதே 500!

அட்டையில் என்ன சிக்கல்?

பளபளக்கும் தாளில் வெளிச்சம் பட்டால் எழுத்து மறைந்துவிடும். வெட்டிக் கொடுத்த அட்டையில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். காலாவதித் தேதியோ பல அட்டைகளில் மையில்லாமல் ஓரத்தில் அழுத்தியிருக்கும். அறையில் விளக்கு எரியவில்லை என்பதே படம் எடுப்பவருக்குத் தெரியாமல் போகலாம்.

தவறும்போதும் அதே குரல்

பழைய செயலிகள் தவறாகப் படித்தால் உளறும்; காதில் விழுந்ததுமே பிடித்துவிடலாம். படத்தை விவரிக்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவு அப்படியல்ல. தெரியாத இடத்தையும் சரளமான வாக்கியத்தால் நிரப்பிவிடுகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. படங்களுக்குக் கணினி எழுதும் விளக்கங்களைப் பற்றி 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், விளக்கம் சூழலுக்குப் பொருந்தாதபோதும் பார்வையற்றவர்கள் அதை நம்பி, இடைவெளியைத் தாங்களே ஊகித்து நிரப்பிக்கொண்டது தெரியவந்தது. 2023-ல் படத்தை விவரித்துச் சொல்லும் 'பி மை ஏஐ' வசதியைக் கொண்டுவந்தவர்களே மருந்துச் சீட்டு படிக்கவும் சாலை கடக்கவும் அதை நம்ப வேண்டாம் என்கிறார்கள்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பார்வையற்றவர்கள் கோணம் மாற்றி இரண்டு மூன்று முறை படம் எடுப்பார்கள். விடை மாறினால் எதையும் நம்ப மாட்டார்கள். "இது நீலச் சட்டையா?" என்று கேட்டால் இயந்திரம் ஆமாம் போட்டுவிடக்கூடும், "என்ன நிறம்?" என்று கேட்பதே நல்லது. குழம்புப்பொடியா மிளகாய்ப்பொடியா என்பதற்கு மூக்கே போதும். சட்டை நிறம் தப்பினால் பரவாயில்லை. மருந்து அப்படியல்ல; சந்தேகம் வந்தால் விழுங்காமல், பார்வையுள்ள ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். மாற்றி விழுங்கிவிட்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ரூபாய் நோட்டுக்கு 2020-ல் ரிசர்வ் வங்கி 'மணி' செயலியைத் தந்தது. அது மதிப்பைச் சொல்லும்; நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது. புதிய 200-க்கும் 500-க்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் 500-இன் ஓரத்தில் தடவிப் பார்க்க ஐந்து கோடுகள் உண்டு.

மருந்துக் கடைக்காரர்களுக்கு

பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை வெட்டாதீர்கள். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அந்த அக்கா இப்போது கடையிலேயே காலை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வாங்கிக்கொள்கிறார். இரவு அட்டையில் எதுவும் கிடையாது.